ஏழாவது அக்குள்

அக்குள் நாற்றத்துக்கு மதிப்பெண் போடுவது ஜெசிந்தாவின் வேலை. சோதனைக்கு வருபவர்களின் இடது அக்குளில் எதுவும் இருக்காது. வலதில் நிறுவனம் புதிதாகத் தயாரித்த, நாற்றம் போக்கும் ரோஜாப் பூச்சு இருக்கும். இரண்டையும் மோந்து பத்துக்கு எத்தனை நாற்றம் என்று எழுத வேண்டும். கர்ப்பிணிகளுக்கு மூக்கு மாறிவிடும் என்று வேலையிலிருந்து நிறுத்திவிடுவார்கள். அவளுக்கு மூன்றாவது மாதம். யாரிடமும் சொல்லவில்லை.

ஏழாவதாக வந்த செங்கமலம், சோதனைக்காக ஐந்து நாள் குளிக்காதவள், இடது கையைத் தூக்கினாள். ஜெசிந்தாவுக்குக் குமட்டிக் கண்ணில் நீர் முட்டியது.

"எத்தன மாசம் தாயி?" செங்கமலம் மெதுவாகக் கேட்டாள். "மூச்ச அடக்கிக்க. என் நாத்தம் எனக்குத் தெரியாதா? எட்டு போட்டுக்க."

ஜெசிந்தா எட்டு போட்டாள்.

"இந்தப் பக்கம் பயமில்ல. கம்முன்னு மணக்கும்."

வலது கை உயர்ந்தது. ஜெசிந்தா நம்பி மூச்சை இழுத்தாள். பழைய வியர்வையில் ஊறிய ரோஜா, அழுகிய பழம்போல இனித்தது. செங்கமலத்தின் தோளிலேயே வாந்தி எடுத்துவிட்டாள்.

"யாரு அங்க வாந்தி எடுக்கறது?" பலகைத் தடுப்புக்கு அப்பால் கண்காணிப்பாளரின் நாற்காலி நகர்ந்தது.

செங்கமலம் தோளில் வழிந்ததை விரலால் வழித்துத் தன் உதட்டில் தடவிக்கொண்டாள்.

"நாந்தான் சார்," என்றாள்.