ஆர்ட்டின் நாலு

“யாரும் எந்திரிக்க வேண்டாம். சீட்டை அப்படியே மேசை மேல வைங்க.”

வாசலில் நின்றவர் சப்-இன்ஸ்பெக்டர் தமிழ்மாறன். ஆனையூருக்கு மாற்றலாகி வந்து ஒரு மாதம்கூட ஆகவில்லை. அவர் சொல்லி முடிப்பதற்குள் நல்லகாமன் கையிலிருந்த பதின்மூன்று சீட்டும் தரையில் சிதறிவிட்டன.

நல்லகாமன் முப்பத்தோரு வருடம் பஸ் ஓட்டியவர். ஸ்டேஷன் படியை மிதித்ததில்லை. ஓய்வுக்குப் பிறகு மகளுடைய அடுக்குமாடி வீட்டுக்கு வந்தவர், குடியிருப்போர் சங்கத்து அறையில் சனிக்கிழமைதோறும் பிரிட்ஜ் என்ற சீட்டாட்டம் சொல்லித்தருகிறார்கள் என்று கேள்விப்பட்டுப் பொழுது போகாமல் போய் உட்கார்ந்தார். வருகிற வியாழக்கிழமை அவர் பேத்தியைப் பெண் பார்க்கச் சோழவந்தானிலிருந்து வருகிறார்கள். தாத்தா சீட்டாட்டத்தில் பிடிபட்டார் என்று சேதி போனால், பாதி வழியிலிருக்கும் சமயநல்லூரைக்கூடத் தாண்டமாட்டார்கள்.

“இங்க பணம் வச்சு ஆடுறதா போன்ல புகார். பேரு சொல்லல” என்றார் தமிழ்மாறன்.

சொல்லித்தருபவர் ஹாலாஸ்யம், ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். அவர் பதறவில்லை. இது காசு வைத்து ஆடும் ஆட்டமல்ல, மூளைக்கு வேலை தரும் ஆட்டம் என்று நிதானமாக விளக்கினார். எதிரே இருந்த கனகா, முன்னாள் தலைமை நர்ஸ், தன் சீட்டுகளைக் கீழே வைக்கவேயில்லை. ஊசிக்குப் பயந்த எத்தனையோ போலீஸ்காரர்களைப் பார்த்தவர் அவர்.

“பிடிபடுற எல்லாரும் இதைத்தான் சொல்றாங்க. எங்க, ஆடிக் காட்டுங்க” என்றார் தமிழ்மாறன்.

ஆட நாலு பேர் வேண்டும், இப்போது இருப்பது மூன்று பேர்தான் என்றார் ஹாலாஸ்யம். தமிழ்மாறன் காலியாக இருந்த நாற்காலியைப் பார்த்தார். தொப்பியைக் கழற்றி ஜன்னலில் வைத்தார். உட்கார்ந்தார்.

பிரிட்ஜில் எதிரெதிரே உட்காருபவர்கள்தான் கூட்டாளிகள். நல்லகாமனுக்கு எதிரே இருந்தது அந்த நாற்காலி. பிடிக்க வந்தவருக்கே கூட்டாளியாகிவிட்டோமே என்று அவருக்கு வியர்த்தது.

நாலு பேரும் ஆளுக்கொரு சீட்டுப் போட்டால் முதலில் இறங்கிய சின்னத்தில் பெரிய சீட்டுக்கு ஒரு பிடி, மொத்தம் பதின்மூன்று பிடி என்று ஹாலாஸ்யம், சிதறிய சீட்டுகளைச் சேர்த்துப் புதிதாகப் பங்கிட்டபடி, புதியவருக்குச் சொல்லிக்கொடுத்தார். துருப்பு இல்லாமலே தானும் கனகாவும் ஒன்பது பிடி எடுப்பதாகப் பந்தயமில்லாத சவாலும் விட்டார். முதல் சீட்டை இறக்க வேண்டியவர் நல்லகாமன்.

டிப்போ ஓய்வறையில் அவர் பழகிய ஆட்டத்தில் ஒரே விதிதான். கையிலிருக்கும் பெரிய சீட்டை எடுத்து மேசை அதிர அடிக்க வேண்டும். கை தானாக ஸ்பேடு ஏஸுக்குப் போனது.

“அவசரப்படாதீங்கோ. யார் கையிலே என்ன இருக்குன்னு தெரியாம போடற சீட்டு இது ஒண்ணுதான். துருப்பு இல்லாத ஆட்டத்திலே உங்ககிட்ட எந்தச் சின்னம் நிறைய இருக்கோ, அதிலே மேலேருந்து நாலாவதைப் போடுங்கோ” என்றார் ஹாலாஸ்யம்.

“ஏஸை வச்சுக்கிட்டு நோஞ்சான் சீட்டைப் போடச் சொல்றீகளே சார்.”

“ஏஸ் எங்கேயும் ஓடிப்போகாது.”

நல்லகாமனிடம் ஆர்ட்டின் என்கிற சிவப்பு இதயச் சின்னத்தில் ஐந்து சீட்டுகள் இருந்தன. ராணி, பத்து, ஏழு, நாலு, ரெண்டு. போலீஸ் எதிரே உட்கார்ந்திருக்கையில் போயும் போயும் ஒரு நாலைப் போடுவதா? குலசாமியை நினைத்துக்கொண்டு போட்டார்.

சவால் விட்டவரின் கூட்டாளி என்பதால் கனகா வழக்கப்படி தன் சீட்டுகளை எல்லாரும் பார்க்க விரித்து வைத்தார். தமிழ்மாறன் ராஜாவால் வென்றார். அடுத்து என்ன செய்வது என்று விழித்தவர், மெதுவாகக் கேட்டார்.

“கூட்டாளி ஆரம்பிச்சதையே திருப்பிப் போட்டா தப்பா?”

“தப்பே இல்லே” என்றார் ஹாலாஸ்யம் வருத்தத்தோடு.

தமிழ்மாறன் கையிலிருந்து ஆர்ட்டின் ஏஸ் வந்தது. பிறகு ஆறு. ஹாலாஸ்யத்தின் ஜாக்கியை நல்லகாமன் ராணியால் அமுக்கினார். மிச்சமிருந்த பத்தையும் ஏழையும் அடிக்க அங்கே ஒருவரிடமும் ஆர்ட்டின் இல்லை. அடுத்தடுத்து ஐந்து பிடி. ஓடிப்போகாத ஸ்பேடு ஏஸையும் சேர்த்து ஆறு. வாத்தியார் சவால் கவிழ்ந்தது.

“எப்புடி மாப்ள” என்று மேசையைத் தட்டிவிட்டு, யாரை அப்படிக் கூப்பிட்டோம் என்று உணர்ந்து நல்லகாமன் நாக்கைக் கடித்துக்கொண்டார். தமிழ்மாறனுக்கு அது காதில் விழவேயில்லை. சீட்டைக் கலைக்கச் சொல்லி அவசரப்படுத்திக்கொண்டிருந்தார். நடுவில் போன் வந்தது. விசாரணையில் இருப்பதாகச் சொல்லி வைத்துவிட்டார். அந்த விசாரணை இன்னும் ஏழு ஆட்டம் நடந்தது.

கிளம்பும்போது முகத்தை மறுபடி விறைப்பாக்கிக்கொண்டார். பணம் எதுவும் கைமாறவில்லை, புகாரை முடித்துவிடுவதாகச் சொன்னார்.

“இருந்தாலும் ஒரு கண்ணு வச்சிருக்கணும்ல. அடுத்த சனிக்கிழமையும் நாலு மணிக்கு வாரேன்.”

ஜீப் தெருமுனை தாண்டியதும்தான் நல்லகாமனுக்கு மூச்சு வந்தது. கூடவே கோபமும் வந்தது. பேத்தி கல்யாணத்தையே கெடுக்கப் பார்த்த அந்தப் பாவி யார், ரெண்டாவது மாடிக்காரனா, அவனை இன்றே உண்டு இல்லை என்று ஆக்குகிறேன் என்று வேட்டியை மடித்துக் கட்டினார்.

ஹாலாஸ்யம் சீட்டுக்கட்டை உறையில் போட்டபடி தலை நிமிராமல் சொன்னார்.

“அவரை விட்டுடுங்கோ, போன் பண்ணினது நான்தான். ஆட ஒரு ஆள் வேணும்னு மூணு வாரமா மாடி மாடியா ஏறி எல்லாரையும் கெஞ்சிட்டேன், ஒருத்தர் வரலே. போலீஸ்னா, புகார் குடுத்தா வந்துதானே ஆகணும்?”