இன்னொரு காபிக்கும் சேர்த்து

"தாடிக்காரர் வர்றாரு" என்று கல்லாவில் இருந்த பெண் சொன்னதுமே முதலாளியம்மா சமையலறைக்குள் ஓடிவிட்டாள்.

போன மாதம் இந்தக் காபிக் கடையை வாங்கியதும் அவள் செய்த முதல் வேலை ஒரு சீட்டு ஏற்பாடு. காபி குடிக்க வருபவர் இன்னொரு காபிக்கும் சேர்த்துக் காசு கொடுத்தால் சுவரில் ஒரு சீட்டு ஒட்டப்படும். வீடில்லாமல் தெருவில் படுப்பவர் யாரும் அதைக் கிழித்துக் கொடுத்துக் காபி குடிக்கலாம்.

கல்லாப் பெண் பின்னாலேயே வந்து பொரிந்து தள்ளினாள். "மத்தவங்ககிட்ட எல்லாம் நின்னு பேசுறீங்க. இவர் வந்தா மட்டும் ஓடி ஒளியறீங்க. நாத்தம் தாங்கலையாக்கா? அவரும் மனுஷன்தானே?"

"மெதுவாப் பேசு. இந்தா, கொண்டுபோய்க் குடு."

காபி போடும் ஆள் அன்று லீவு. அவளே கலந்திருந்தாள்.

கப்பை வாங்கிய தாடிக்காரர் அதற்குள் உற்றுப் பார்த்தார்.

"தினம் மேல மிதக்குமே, பாலாடைய யாரு எடுத்தது?"

"எங்க முதலாளியம்மாதான். ஏன், ஆடை வேணுமா?"

அவர் சமையலறைக் கதவையே கொஞ்ச நேரம் பார்த்தார். கப்பை அப்படியே மேஜையில் வைத்துவிட்டு வெளியே போய்விட்டார்.

"குடிக்காமலே போயிட்டாருக்கா. நான் ஏதாவது தப்பாச் சொல்லிட்டேனா?"

முதலாளியம்மாவின் கையில் ஸ்பூன் இருந்தது. அதில் ஆடை.

"நீ இல்லடி, நான்தான். ஆடையைக் கண்டாலே சின்னதுலேர்ந்து அவனுக்குக் குமட்டும். கைப்பழக்கத்துல எடுத்துத் தொலைச்சிட்டேன். 'உன் கையால பச்சத்தண்ணிகூடக் குடிக்க மாட்டேம்மா'ன்னு சொல்லிட்டுப் போனவன், யாரோ குடுக்கிற காபின்னு நினைச்சுத்தான் இத்தனை நாள் வந்தான்."

"நாளைக்கு வருவாருக்கா. சுவத்துல இன்னும் சீட்டு இருக்கே."

"இனி இந்தத் தெருவுக்கே வரமாட்டான்."