அறுபதாம் நாள் மின்னஞ்சல்

அந்தக் கடிதத்துக்குப் பதில் வரும் என்று அவள் நினைக்கவே இல்லை.

தானாகப் போகிற கடிதத்துக்கு யார் பதில் போடுவார்கள்?

அறுபது நாள் மைதானத்துப் பக்கம் வராத உறுப்பினருக்கு, அறுபதாம் நாள் காலையில் கணினியே ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடும். கோல்ஃப் கிளப் அலுவலகத்தில் சேர்ந்த மூன்றாம் மாதம் அவள் செய்துவைத்த ஏற்பாடு.

முதலில் செயலாளர் பெயரில்தான் போனது. ஒருவரும் திறந்து பார்க்கவில்லை. ஆட்டத்தின்போது மட்டைப் பையைச் சுமந்து ஒவ்வோர் உறுப்பினரோடும் வழக்கமாக நடப்பவர் யாரோ, அவர் பெயர் கடிதத்தின் கீழே வரும்படி மாற்றினாள்.

திறந்தார்கள். செயலாளர் எல்லோர் முன்னாலும் அவளைப் பாராட்டினார்.

பெயருக்கு உரியவர்களிடம் ஒரு வார்த்தை கேட்க வேண்டும் என்று மட்டும் அவளுக்குத் தோன்றவில்லை. கெட்டிக்காரிகளுக்கு வரும் மறதி அது.

பதில் எழுதியிருந்தவர் டாக்டர் தணிகாசலம்.

'அருளப்பா, யாரைப் பிடிச்சு எழுத வச்சியோ தெரியல. நீயே இறங்கி வந்துட்ட. இனிமே நான் வீம்பு பிடிச்சா நல்லாருக்காது. சனிக்கிழமை வர்றேன். அன்னைக்கு நீ சொன்ன ஏழுதான்டா சரி.'



அந்த ஏழின் கதை கிளப்பில் எல்லோருக்கும் தெரியும்.

இருபத்திரண்டு வருடமாக டாக்டர் சனிக்கிழமைதோறும் திண்டுக்கல்லிலிருந்து மலையேறி வந்தார். இருபத்திரண்டு வருடமும் பையைத் தூக்கியவர் அருளப்பன்தான். அருளப்பனுக்குக் கண்புரை வந்தபோது டாக்டரே அறுவை செய்து பார்வையைத் திருப்பிக் கொடுத்தார்.

அந்தக் கண்ணால்தான் அருளப்பன் அதைப் பார்த்தார்.

உயர்ந்த புல்லுக்குள் சிக்கிக் கிடந்த பந்தை டாக்டர் ஷூ நுனியால் மெல்ல வெளியே தள்ளினார். தள்ளினால் கணக்கில் ஓர் அடி கூடும்; அடி குறைந்தவருக்குத்தான் வெற்றி. ஆட்டத்தின் சட்டம். குழியில் பந்து விழுந்ததும் டாக்டர் சிநேகிதர்களிடம் மொத்த அடி 'ஆறு' என்றார்.

அருளப்பன் 'ஏழு' என்றார்.

பையைப் பிடுங்கிக்கொண்டு போனவர்தான் டாக்டர்; அப்புறம் வரவே இல்லை.

அருளப்பன் மன்னிப்புக் கேட்கவில்லை. எண்ணியது சரியாக இருக்கும்போது எதற்குக் கேட்க வேண்டும்? ஆனால் சனிக்கிழமையில் வேறு யார் கூப்பிட்டாலும் முதுகு வலி என்று சொல்லிவிடுவார். ஞாயிற்றுக்கிழமை அந்த முதுகு சரியாகிவிடும்.

அந்த மனிதர் வாயில்தான் இப்போது அவள் வார்த்தையைத் திணித்திருக்கிறாள்.

'நான் எழுதல டாக்டர்' என்று முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவார். ஏழு என்று சொன்ன வாய் அது. டாக்டர் அப்புறம் இந்த மலையை ஏறவே மாட்டார்.

மறைக்கலாம் என்றால், சனிக்கிழமை தானாக வெளியே வந்துவிடும்.

அருளப்பனைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னாள். அவர் உட்காரவில்லை.

டாக்டரின் பதிலைப் படித்துக் காட்டினாள். பிறகு நடந்ததைச் சொன்னாள்.

"உங்களைக் கேக்காம உங்க பேரைப் போட்டுட்டேண்ணே. தப்புதான். மன்னிச்சுக்கங்க."

அவர் கணினித் திரையைக் கைகாட்டினார்.

"நான் என்ன எழுதினேனாம், படி."

ஒரு டீக்கும் இன்னொரு டீக்கும் நடுவில் அவள் எழுதி முடித்த வரிகள். படிக்கும்போது குரல் இறங்கிப்போனது.

'ஐயா, நீங்கள் வராமல் மைதானம் நன்றாகவே இல்லை. நடக்கும்போது பக்கத்தில் ஆள் குறைவது போல இருக்கிறது. ஒருநாள் வாருங்கள்.'

அருளப்பன் ஜன்னலுக்கு வெளியே ஈரப் புல்லைப் பார்த்துக்கொண்டு நின்றார். மப்ளரை அவிழ்த்தார். திரும்பவும் சுற்றிக்கொண்டார்.

"இத உங்கிட்ட யாரு பாப்பா சொன்னது?"

இதே வரிகள் இதுவரை நாற்பத்தொரு பேருக்குப் போயிருக்கின்றன.

"யாரும் சொல்லலண்ணே."

அந்த நிமிடம் அவர்மேல் அவளுக்கு அப்படியொரு பிரியம் வந்தது.

அவர் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார்.

"பதில் போடணும்ல. சனிக்கிழமை பனி எறங்கும், ஸ்வெட்டர் கொண்டுட்டு வரச் சொல்லு. போன வருஷம் மறந்துட்டு வந்து நாள் பூரா இருமிக்கிட்டுக் கெடந்தாரு."

அவள் தட்டச்சு செய்தாள். கடைசி வரிக்கு வந்ததும் விரல் நின்றது.

"கீழ உங்க பேரைப் போட்டுக்கவாண்ணே?"

"பின்ன, வேற யாரு பேரைப் போடுவ?"