பின்சீட்டில் பன்னீர்

துப்பறியும் நாவல் எழுதும் மீரா உசேனுக்கு முதல் வாசகர் பன்னீர். பெரிய நோயிலிருந்து பிழைத்ததற்காக, வலங்கைமான் திருவிழாவில் பாடைக்காவடி எடுத்தார். பிணம்போல் படுக்கவைத்து, கால் கட்டைவிரல்களைச் சேர்த்துக் கட்டித் தூக்கிப் போவார்கள். அம்மன் சன்னதியில் எழுந்துவிட வேண்டும்.

கதைக்கு உதவுமென்று பார்க்கப் போன மீரா உசேன், நெரிசல் தாங்காமல் பைக்கருகே ஒதுங்கி நின்றார். பன்னீர் வந்து பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்துகொண்டார்.

"உங்க நாவல்ல ஒரு பிணமாவது எந்திரிக்குதா பாய்?"

"எந்திரிச்சா படிக்கிறவங்க காறித் துப்பிடுவாங்க," என்று சிரித்தபடி வண்டியைக் கிளப்பினார்.

ஆற்றுப் பாலத்தில் போன் அடித்தது. ஓரங்கட்டி எடுத்தார். பன்னீரின் மனைவி இசைவாணி அழுதுகொண்டிருந்தார்.

"அண்ணே, எல்லாரும் எந்திரிச்சிட்டாங்க. இவர் மட்டும் எந்திரிக்கலண்ணே. உடம்பு சில்லிட்டுப் போச்சு."

"வண்டிய எடுங்க பாய், வீட்டுக்குப் போயிடலாம்," என்றார் பின்னாலிருந்து பன்னீர்.

மீரா உசேன் குனிந்து பார்த்தார். அந்தக் கட்டைவிரல்கள் இன்னும் கட்டியபடியே இருந்தன.