எதிர் ஓட்டு

பஸ் டிப்போவில் சங்கத் தேர்தல் ஓட்டுகளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். கண்டக்டரம்மாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை. எதிர்த்துப் பேசினாள் என்பதற்காகவே, சங்கத் தலைவர் இரண்டு வருஷமாக விடிகாலை முதல் பஸ்ஸை அவள் தலையில் கட்டியிருந்தார். மகள் கண் விழிக்கும்போது ஒரு நாளும் அவள் வீட்டில் இருந்ததில்லை.

"தலைவரை எதிர்த்து நிக்கிற ஸ்டோர் கீப்பர் எப்படிக்கா?" என்று கேட்டார் டிரைவர்.

"யாருக்குத் தெரியும்? மாற்றலாகி வந்தே ஒரு மாசம்தான் ஆச்சு. யாரா இருந்தா நமக்கென்ன? அந்த ஆளு ஒழிஞ்சா போதும். அதுக்குத்தான் வீடு வீடாப் போய் ஓட்டுக் கேட்டேன்."

சொற்ப ஓட்டில் ஸ்டோர் கீப்பர் ஜெயித்தார். டிப்போவே அதிர்ந்தது. அவரைத் தோளில் தூக்கிச் சுற்றியவர்களோடு அவளும் ஓடினாள். பழைய தலைவர் கேன்டீன் வாசலில் தனியாக நிற்பதைப் பார்த்ததும் அவளுக்கு வயிறு குளிர்ந்தது.

"புதுத் தலைவரே, என் டியூட்டியை மாத்திடுவீங்கல்ல?"

"கொஞ்சம் இருங்கம்மா, கேட்டுச் சொல்றேன்" என்று அவர் போனை எடுத்தார்.

"அத்தான், உங்க கணக்கு தப்பலை. உங்க மேல இருந்த கோபமெல்லாம் எனக்கு ஓட்டாயிடுச்சு. இந்தம்மா டியூட்டி மாத்தச் சொல்றாங்க, என்ன சொல்லட்டும்?"

கேன்டீன் வாசலில், காதில் போனை வைத்தபடி, பழைய தலைவர் அவளைப் பார்த்துச் சிரித்தார்.