வேரில்லாத மரம்

புது அடுக்குமாடியில ஒரு சின்ன வீடு வாங்கியிருந்தேன். யார் மூஞ்சியையும் பாக்காம, என் அடுப்புல நானே சமைச்சுக்கிட்டு நிம்மதியா கிடக்கலாம்னு ஆசை. ஆனா, வாசல்ல பில்டர் வரிசையா மரம் வெச்சிருக்கானான்னு நகராட்சி அதிகாரி பாத்துக் கையெழுத்துப் போட்டாத்தான் சாவி குடுப்பாங்களாம்.

வந்தா அந்த அதிகாரி. முகத்துல எள்ளும் கொள்ளும் வெடிக்குது.

"இலையெல்லாம் பச்சைப்பசேல்னு இருக்கே, போடேம்மா கையெழுத்த"ன்னேன்.

"நீங்க தள்ளி நில்லுங்க."

குனிஞ்சு ஒரு மரத்தைப் பிடிச்சு இழுத்தா. கையோட வந்துடுச்சு. அடியில வேரே இல்ல! எங்கயோ வெட்டுன கிளையை மண்ணுல சொருகி வெச்சிருக்கான் அந்தப் படுபாவி பில்டர்.

"நிஜ மரமா வெச்சு, வேர் பிடிச்சதும் கூப்பிடுங்க. ஆறு மாசம் ஆகும்"னா.

நான் கத்தினேன். "அடி கல்நெஞ்சுக்காரி! நான் நல்லா இருந்தா உனக்குப் பொறுக்காதா?"

பக்கத்துல நின்ன பில்டர் பல்லை இளிச்சான். "பெரியவங்க வயித்தெரிச்சல் எதுக்கு மேடம்? கையெழுத்துப் போட்டா உங்களுக்கு என்ன நஷ்டம்?"

"நஷ்டமா? இவங்க இந்த வீட்டுக்குக் குடி வந்தா என்னைவிட சந்தோஷப்படறவ ஊர்லயே கிடையாது. அதுக்காகப் பொய்க் கையெழுத்துப் போட முடியாது."

என்னைப் பாத்து ஒரு முறை முறைச்சா.

"ஸ்கூட்டர்ல ஏறுங்க அத்தை. உங்க பிள்ளை பசியோட வருவாரு, போய்ச் சமைக்கணும்."

பில்டர் வாயைப் பிளந்தான். நான் ஏறி உக்காந்தேன்.

வழி நெடுக ரெண்டு பேரும் வாயே திறக்கல. சண்டை போடத்தான் இன்னும் ஆறு மாசம் இருக்கே!