வெண்மதிக்கு விழுந்த ஒரு ஓட்டு

"இந்தத் தடவை ஓட்டுப் போட்டே முடிவு பண்ணிடலாங்க. அதுதானே ஜனநாயகம்?" என்றார் மருதாசலம்.

ஜியாலஜி துறையின் தலைவர் அவர். மூன்று வருடப் பதவி அன்றோடு முடிகிறது. நெய்வேலி டவுன்ஷிப்பில் இருக்கும் அந்த அரசுப் பல்கலைக்கழக மையத்தில் துறைத் தலைவர் பதவி சீனியாரிட்டிப்படி சுற்றி வரும். சுரங்கத்தில் ஷிஃப்ட் மாறுகிற மாதிரி, ஒருவர் இறங்கினால் அடுத்தவர் ஏற வேண்டியதுதான். மருதாசலமே அப்படி ஏறியவர். அவருக்கு முன்னால் இருந்த மூன்று பேரும் அப்படித்தான்.

இப்போது முறை வெண்மதிக்கு. கம்மாபுரத்தில் அடுத்தவர் வயலில் நடவு நட்டுப் படிக்கவைத்த சாமியம்மாளின் மகள். இருபத்திரண்டு வருட சர்வீஸ். ஓய்வு பெற இன்னும் மூன்றே வருடம். இது தவறினால் அவருக்கு இன்னொரு முறை கிடையாது.

அதுவரை யாருக்கும் ஞாபகம் வராத ஜனநாயகம், அன்று பார்த்து எல்லோருக்கும் ஞாபகம் வந்துவிட்டது.

"சுழற்சி முறைதானே சார் வழக்கம்?" என்று கேட்டார் வெண்மதி.

"வழக்கம்தாங்க. ஆனா துறைக் குழுவே முடிவு பண்ணலாம்னு ரூல்ஸ்ல இருக்குது. நேத்துதான் பார்த்தேன்."

"மேடம் மேல எங்களுக்கு எவ்வளவு மரியாதைன்னு உங்களுக்கே தெரியும்," என்று ஆரம்பித்தார் விஜயகுமாரி. "ஆனா தலைவர்னா மைன்ஸ் ஆபீசருங்ககிட்ட பேசணும், மீட்டிங் மீட்டிங்கா ஓடணும். இந்த வயசுல உங்களுக்கு எதுக்கு அந்த அலைச்சல்?"

விஜயகுமாரிக்கும் வெண்மதிக்கும் ஒரே வயது.

"அலைச்சல் பரவாயில்லைங்க. நான் பார்த்துக்கறேன்."

"அப்ப தாராளமா நில்லுங்க மேடம். யாரு வேணாம்னாங்க?" என்று சிரித்தார் அசோக்குமார்.

போட்டியில் எதிர்த்து நின்றவர் விஜயராஜ். வெண்மதியைவிட ஒன்பது வருடம் ஜூனியர். "எனக்கு ஆசையே இல்லீங்க. எல்லாரும் வற்புறுத்தறதால..." என்று, நிற்கிற எல்லோரும் சொல்வதை அவரும் சொல்லி வைத்தார்.

மொத்தம் ஏழு ஓட்டு. ஆளுக்கொரு துண்டுச் சீட்டு. வெண்மதிக்குத் தன் பெயரைத் தானே எழுதக் கூச்சமாக இருந்தது. 'விஜயராஜ்' என்று எழுதி மடித்துப் போட்டார். நியாயம் தெரிந்தவர்கள் ஆறு பேர் இருக்கிறார்களே என்று நம்பினார், பாவம்.

எண்ணுவதற்கு அலுவலக உதவியாளர் கலியனைக் கூப்பிட்டார்கள்.

"சீட்டை எங்க யாருகிட்டயும் காட்டாதே. விடைத்தாள் திருத்தித் திருத்தி ஒருத்தர் கையெழுத்து இன்னொருத்தருக்கு அத்துப்படி. நீயே படி, நீயே கவர்ல போட்டு வெச்சிடு," என்றார் மருதாசலம்.

கலியன் ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தார். விஜயராஜ் ஆறு. வெண்மதி ஒன்று.

கைதட்டினார்கள். முந்திரி பக்கோடா சூடாக வந்தது. ஓட்டுப் போடுவதற்கு முன்பே ஆர்டர் கொடுத்திருப்பார்கள் போல.

வெண்மதி தன் அறைக்கு வந்து கதவைச் சாத்திக்கொண்டார். அவமானத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. ஆனாலும் ஒருத்தருக்காவது மனசு இருந்திருக்கிறதே என்று நினைத்தபோது கொஞ்சம் மூச்சு விட முடிந்தது.

கதவு தட்டப்பட்டது. விஜயகுமாரி.

"எனக்கு மனசே சரியில்ல மேடம். அந்த ஒரு ஓட்டு நான் போட்டதுதான். வெளிய மட்டும் சொல்லிடாதீங்க."

வெண்மதிக்குக் கண் கலங்கிவிட்டது. விஜயகுமாரியின் கையைப் பிடித்துக்கொண்டார்.

பத்து நிமிடத்தில் அசோக்குமார் வந்தார். "உங்களுக்கே தெரிஞ்சிருக்கும் மேடம், அந்த ஒண்ணு யாருதுன்னு," என்று தன் நெஞ்சைத் தொட்டுக் காட்டினார்.

அடுத்து மருதாசலம். "நாற்காலியில உக்கார்ந்துட்டு வெளிப்படையா ஆதரிக்க முடியுங்களா? அதான் சீட்டுல காட்டிட்டேன்."

இன்னும் இரண்டு பேர் தனித்தனியாக வந்து அதையே சொல்லிவிட்டுப் போனார்கள். கடைசியாக ஜெயித்தவரே வந்தார்.

"என் பேரை நானே எழுதிக்குவேனா மேடம்?" என்றார் விஜயராஜ். "உங்க பேரைத்தான் எழுதினேன்."

நாலு மணிக்குள் ஒரு ஓட்டுக்கு ஆறு சொந்தக்காரர்கள்.

ஐந்து பேர் புளுகுகிறார்கள். போகட்டும். நிஜமாகவே போட்ட அந்த ஒருவர் யார்? அவருக்கு மட்டுமாவது நன்றி சொல்லவேண்டும். கையெழுத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். வெண்மதி எழுந்து அலுவலகத்துக்குப் போனார். கலியன் மேஜையில் கவர் இன்னும் ஒட்டாமல் இருந்தது.

"கலியன், அந்தச் சீட்டுங்களைக் கொஞ்சம் காட்டுங்க."

"வேணாங்கம்மா."

"எனக்குப் போட்டது யாருன்னு மட்டும் பார்த்துட்டுக் கொடுத்துடறேன்."

"வுட்டுடுங்கம்மா. தெரிஞ்சிக்கினு என்னா பண்ணப் போறீங்க?"

வெண்மதி கேட்கவில்லை. கவரை எடுத்து மேஜையில் கவிழ்த்தார். ஏழு சீட்டு. ஒவ்வொன்றாகப் பிரித்தார்.

ஏழிலும் விஜயராஜ். அதில் ஒன்று வெண்மதியே எழுதியது.

"அப்ப... என் பேரைப் படிச்சீங்களே?"

கலியன் சீட்டுகளைப் பொறுக்கிக் கவரில் போட்டார்.

"எதிர்லயே ஒக்காந்துகினு இருந்தீங்கம்மா. அத்தினி பேரு நடுவுல ஒங்களுக்கு ஒண்ணுகூட இல்லன்னு என் வாயால எப்பிடிங்க படிக்கிறது? எனக்கு இங்க ஓட்டு கெடையாதுங்க. ஆனா அந்த ஒண்ணு, நான் போட்டதுதாங்க."